மகள் எனக்குச் சொல்லிவந்த வேலை

1

இந்தப் பங்குனியோடு நான் நோர்வேக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிகிறது. வந்த முதல் மாரிகாலத்திலிருந்து என் மகள் வதனி தன் வேலையை எனக்குச் சொல்லிவந்தாள். பிறகு ஏழு மாதம் சொல்லவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சாப்பிட்டீங்களோ என்று கேட்பாள், மருந்துக் குளிசை போட்டீங்களோ என்று கேட்பாள். வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டாள். நிறுத்தச் சொன்னது நான்தான். திரும்பச் சொல்லு என்று கேட்க வாய் வராமல் இருந்ததும் நான்தான்.

திருகோணமலையில் இருந்து போனில் கோல் எடுக்கிற எல்லோரும் அங்கே பொழுது எப்படிப் போகுது என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். நல்லாப் போகுது என்று சொல்லி வைத்துவிடுவேன். எழுத்தில் சொல்வது எனக்குச் சுகமாக இருக்கிறது. இடையில் யாரும் பாவம் என்று சொல்லமாட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதுவதால் ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

2

நாங்கள் இருப்பது பேர்கன் நகரத்தில். திருகோணமலை மாதிரி இதுவும் துறைமுகம்தான், இங்கும் மலைகள் கடலுக்குள் இறங்கி நிற்கின்றன. மழை மட்டும் ஓயாது. வதனிக்கு வலைத்தளம் செய்யும் வேலை. தீவுகளுக்கு ஓடுகிற படகுகளுக்கு ஆட்கள் வீட்டிலிருந்தே ரிக்கற் எடுக்கிறார்களே, அந்தத் தளம். அதற்காகக் கணினியில் எழுதுவதைக் கோட் என்பாள். அங்கே மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகுக்கு முன்னால் பதினெட்டு வருடம் சோற்றுப் பார்சல் விற்றவளுக்கு மகள் படகு வேலை செய்கிறாள் என்பது பெருமையாக இருந்தது.

முதல் மாரியில் ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. என்ன என்று கேட்டேன். தளத்தில் எங்கோ பிழை, இரண்டு நாளாகப் பிடிபடவில்லை, சொன்னால் உங்களுக்கு விளங்காது என்றாள். விளங்காவிட்டால் என்ன, சொல்லு என்றேன். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

சொன்னாள். ஒரு ஆள் ரிக்கற் எடுக்கிறார், பெயர் இந்தப் பக்கம் வருகிறது, நேரம் அந்தப் பக்கம் போகிறது, பிறகு இரண்டும் ஓரிடத்தில் சேரவேண்டும் என்று கையால் மேசையில் கோடு கீறிச் சொன்னாள். நான் “பிறகு, பிறகு” என்று கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தேன். நடுவிலே நின்றாள். “நில்லுங்கோ அம்மா,” என்று சொல்லிக் கை கழுவாமல் எழும்பி ஓடினாள். பிழை கிடைத்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த “நில்லுங்கோ”வைக் கேட்பதற்காகவே அதன் பிறகு பதினொரு வருடம் அந்தக் குசினி மேசையில் அவளுக்கு முன்னால் இருந்தேன். அவள் வீட்டில் இருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு கிழமையில் மூன்று நாள் முழுதாக எனக்குத்தான். தமிழ்க் கடையில் காணும் பெண்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், மகளோடு வேலை செய்கிறேன் என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

எனக்கு விளங்கியதை எழுதுகிறேன், பிழை இருந்தால் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கோட் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதுவதில்லையாம். யாரோ முன்னமே கட்டிவைத்த சட்டத்துக்குள்தான் எழுதுகிறார்கள். அதைப் பிரேம்வேர்க் என்கிறார்கள். அது வாடகை வீடு மாதிரி என்றாள் வதனி. கூரையும் சுவரும் தயாராக இருக்கும், ஒழுகினால் நீ பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரர் சொன்ன இடத்தில்தான் அடிக்கவேண்டும். பாதி ஆயுளை வாடகை வீட்டில் கழித்த எனக்கு அது உடனே விளங்கியது. வீட்டுக்காரர் வீட்டைக் கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். அதுதான் எங்களுக்கு நடந்தது என்றாள். அவர்கள் முதலில் இருந்த சட்டத்தைச் செய்தவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். சட்டி பானையோடு அடுத்ததுக்குப் போனார்கள். தளம் முழுவதையும் திரும்ப எழுத இரண்டு வருடம். ரிக்கற் எடுக்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. படகும் அதே நேரத்துக்குத்தான் போனது.

புதிது வந்தவுடன் பழையதைக் குப்பை என்று சொல்கிற ஆட்களும் உண்டு, பழையதை விட்டால் உலகம் அழிந்துவிடும் என்கிற ஆட்களும் உண்டு. இரண்டு கூட்டத்தோடும் வதனி சேருவதில்லை. எந்த வீடு என்பது பெரிதல்ல, உள்ளே சாமானை எப்படி அடுக்குகிறோம் என்பதுதான் காரியம் என்பாள். அந்த அடுக்குகிற ஒழுங்குக்கு எழுதின விதி இல்லை, எல்லோரும் கூடி ஒத்துக்கொள்வதுதான். ஒருமுறை அவள் வேலை செய்கிற கந்தோரில் இரண்டு நாள் பெரிய வாக்குவாதம். என்னத்துக்கு என்றால், வரியின் முன்னால் எவ்வளவு வெறும் இடம் விடுவது, இரண்டா நாலா என்று. வெறும் இடத்துக்கு இரண்டு நாள் சண்டையோ என்று நான் வயிறு நோகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டென்றாலும் சரி, நாலென்றாலும் சரி, எல்லோரும் ஒன்றாக விட்டால் பிழை தானாகத் துருத்திக்கொண்டு தெரியும் என்றாள்.

பெயர் வைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாம். அவளுக்கு முன்னால் இருந்த ஒருவர் ஒரு பகுதிக்குப் புதியது என்று பெயர் வைத்தாராம். அடுத்த வருடம் இன்னொருவர் இன்னொன்று செய்து அதற்கு மெய்யான புதியது என்று வைத்தாராம். இப்போது இரண்டும் கிழடு, எதைத் தொட்டால் எது விழும் என்று ஒருவருக்கும் தெரியாது. வதனி ஒரு பெயருக்கு அரை நாள் யோசிப்பாள். ஏன் இவ்வளவு மினக்கெடுகிறாய் என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

“நாளைக்கு இதைத் திறக்கப்போறது களைச்சுப்போன ஒருத்தி அம்மா. அவளுக்கு இது எழுதினவளைத் தெரியாது. அனேகமா அவள் நானாத்தான் இருப்பன்.”

3

இந்த ஒத்துக்கொள்கிற விசயம் எனக்குப் புதிதில்லை. துறைமுகத்தில் என்னோடு சேர்ந்து கடை நடத்தியவ ஆமினா ராத்தா. மூதூரில் இருந்து காலை லோஞ்சில் மீனோடு வருவா. நான் சமைத்துப் பார்சல் கட்டுவேன், ராத்தா இறங்குதுறையில் நின்று கொடுப்பா. எனக்கு எழுதக் கை வராது. எழுதினாலும் குழம்பு பட்டு மை கரைந்துவிடும். அதனால் நூலால் அடையாளம் வைத்தோம். சைவச் சோறு என்றால் நூல் ஒரு சுற்று. மீன் என்றால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று. லோஞ்சு ஓட்டுகிறவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும்கூட அது பாடம். வாங்குகிற ஒருவரும் சைவமோ மச்சமோ என்று கேட்பதில்லை, நூலைப் பார்ப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நூல் குறைவாக இருந்தது. மீன் பார்சல்தான் எண்ணிக்கையில் கூட, அதற்கு ஒரு சுற்று, சைவத்துக்கு இரண்டு சுற்று என்று மாற்றினால் நூல் மிஞ்சும் என்று எனக்குப் பட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு அப்படியே கட்டிவிட்டேன். லோஞ்சு வெளிக்கிடுகிற அவசரம். ராத்தாவிடம் சொல்லவில்லை. சின்ன விசயத்துக்கு அவவைக் கேட்பானேன் என்ற எண்ணமும் இருந்தது.

விரதம் பிடித்திருந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் குடாவின் நடுவில் ஒரு சுற்றுப் பார்சலை அவிழ்த்திருக்கிறார். பின்னேர லோஞ்சில் திரும்பி வந்து ராத்தாவுக்கு முன்னால் நின்றார். அவர் ஏசவில்லை. “நீங்கள் தந்ததெண்டு நம்பித் திண்டனான்,” என்று மட்டும் சொன்னார். ராத்தா தலையைக் குனிந்து, பிழை என்னுடையதுதான் வாத்தியார், கை மாறிப்போச்சு என்றா. நான் பின்னால் அடுப்படியில் நின்றேன். வெளியே வரவில்லை.

இதை வதனிக்கு ஒருநாள் மேசையில் வைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் தளம் விழுகிற நாளெல்லாம் இதுதான் நடக்கிறது என்றாள். ஒருவர் நல்லது என்று நினைத்து ஒன்றை மாற்றுகிறார், மற்றவருக்குச் சொல்வதில்லை. மாற்றம் நல்ல மாற்றம்தான் அம்மா, சொல்லாமல் விட்டதுதான் பிழை என்றாள். பிறகு, ராத்தாவிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டீங்களோ என்றாள். அவவுக்குத் தெரியும், கேட்கத் தேவை இருக்கவில்லை என்றேன். வதனி என் முகத்தைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன்.

4

போன ஆவணியில் வதனியின் கந்தோர்த் தோழி ஒருத்தி சாப்பிட வந்தாள். இங்கிரிட் என்று பெயர், நல்ல பிள்ளை, கையால் சாப்பிட்டாள். சாப்பாடு முடிந்ததும் வதனி ஒரு சின்னப் பெட்டியை எனக்கு முன்னால் வைத்தாள். திறந்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு றப்பர் வாத்து, குழந்தைகள் குளிக்கும்போது மிதக்க விடுவது.

இரண்டு பேரும் சிரித்தார்கள். இங்கிரிட் அதைக் காட்டி, என்னைக் காட்டி, கையால் கொத்துகிற மாதிரி ஏதோ செய்தாள். வதனி விளங்கப்படுத்தினாள். கோட் எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். பிழை பிடிபடாவிட்டால் மேசையில் ஒரு வாத்தை வைத்து, அதற்கு ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்துவார்களாம். சொல்லச் சொல்லத் தங்களுக்கே பிழை தெரிந்துவிடுமாம். கந்தோரில் எல்லோரிடமும் வாத்து இருக்கிறது, எனக்கு மட்டும் தேவைப்படவில்லை, எனக்கு அம்மா இருக்கிறா என்று இங்கிரிட்டுக்குச் சொன்னேன் என்றாள்.

இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். அதைவிட அன்பாக ஒரு பிள்ளை தாயைப் பற்றி என்ன சொல்லமுடியும். அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு. பதினொரு வருடம் வேலை செய்கிறேன் என்று நான் சொல்லித் திரிந்தது, ஒரு றப்பர் பொம்மையும் செய்கிற வேலை. அதுவும் வெளியாளுக்கு முன்னால்.

“அப்ப நான் வாத்தோ? எனக்கு இனி ஒண்டும் சொல்லவேண்டாம். அதுக்கே சொல்லு.”

இங்கிரிட்டுக்கு மொழி விளங்காது, குரல் விளங்கியது. சிரிப்பை நிறுத்திவிட்டாள். வதனி வாத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். என்னிடம் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னனிலிருந்தே அவள் அப்படித்தான், சொன்னால் சொன்னபடி கேட்பாள்.

வாத்துக்கும் அவள் சொல்லவில்லை. அதே மாதத்தில் கந்தோரில் எல்லோருக்கும் ஒரு புது வசதி கொடுத்தார்கள். கணினியில் ஒரு கட்டத்துக்குள் கேள்வியை எழுதினால் அதுவே பதில் எழுதும், கோட் கூட எழுதித் தரும். அவர்கள் இப்போது மூன்றாவது சட்டத்துக்கு வீடு மாறுகிறார்கள், அந்த மாற்றம் முழுவதும் இதன் கையால்தான். வதனி அதே மேசையில் அதே கதிரையில் இருந்து அதைக் கேட்பாள். விரல் சத்தம் மட்டும் வரும். நான் முன்னால் இருந்து பயத்தங்காய் முறிப்பேன். பிழை பிடிபட்டாலும் தெரியாது, பிடிபடாவிட்டாலும் தெரியாது. ஒரு நாள் தெரியாமல் “பிறகு?” என்று கேட்டுவிட்டேன். “என்னம்மா?” என்று நிமிர்ந்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஏழு மாதம் இப்படிப் போனது. சன்னலால் படகு போவது தெரியும். எந்தப் படகு எத்தனை மணிக்கு என்று எனக்கு மனப்பாடம். வேறு என்ன சொல்ல.

5

எனக்கு எழுபத்தைந்து முடிந்ததென்று போன கிழமை நகரசபையில் இருந்து ஒரு பெண் வந்தாள். இங்கே வயது போனவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடிதம் போட்டு, திகதி குறித்து, செருப்பைக் கழற்றி வைத்து, வலு மரியாதையாக இருந்தாள். கையில் நாலு பக்கப் படிவம். விழுந்தீர்களா, படி ஏறுவீர்களா, குளிசை யார் எடுத்துத் தருவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வதனி இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் நிமிர்ந்திருந்து பதில் சொன்னேன். இந்த மொழி எனக்கு வகுப்பில் ஏறவில்லை. ஆனால் இலக்கங்களும் சில கேள்விகளும் காதில் ஒட்டியிருக்கின்றன.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. வதனி தமிழில் சொல்ல முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. சாதாரணமாக ஒரு நாளில் எத்தனை பேரோடு கதைப்பீர்கள்.

“ஆறேழு பேர் எண்டு சொல்லு,” என்றேன்.

“அம்மா.”

“சொல்லு பிள்ளை.”

வதனி அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னது ஆறும் இல்லை, ஏழும் இல்லை. ஒன்று என்றாள்.

அந்தப் பெண் கட்டத்துக்குள் அதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். எனக்கு அடுத்த கேள்வி காதில் விழவில்லை. என் பொய்யை மகள் திருத்திவிட்டாள் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த ஒன்று யார் என்று யோசித்தேன். அது அவள்தான். தன்னை அவள் எண்ணியிருக்கிறாள். குளிசை போட்டீங்களோ என்று கேட்பதைக் கதை என்று எண்ணியிருக்கிறாள், அல்லது எண்ணவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். என் பொய் பெரியது, அவளுடையது சின்னது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பெண் போனதும் வதனி தேத்தண்ணி போட்டாள். மேசையில் இருந்து கணினியைத் திறந்தாள். நான் குசினிக்கும் அறைக்கும் இரண்டு தரம் நடந்தேன். ஆமினா ராத்தா மௌத்தாகிப் பதினாலு வருடம். அவவுக்குத் தெரியும் என்று நான் சொன்னது மெய்யோ பொய்யோ, கேட்டுப் பார்க்க இனி ஆள் இல்லை. அந்த எண்ணம்தான் என்னைக் கதிரையில் இருத்தியது.

“வதனி,” என்றேன். நிமிர்ந்தாள்.

“ஆவணியில நான் சொன்னது பிழை. நீ பகிடி பண்ணேல்லை. எனக்குத்தான் ரோசம் வந்திட்டுது.” தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். “நீ வேலையைச் சொல்லாமல் விட்டதில இருந்து எனக்குக் கதைக்க ஆள் இல்லை. திரும்பச் சொல்லு பிள்ளை.”

அவள் உடனே சொல்லத் தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு கையையும் மடியில் வைத்தாள். கண் கலங்கியது.

“இதை நான் எழுதேல்லை அம்மா. கேக்கிறன், அது எழுதுது, நான் சரி எண்டு போடுறன். கந்தோரிலயும் எல்லாரும் அப்படித்தான், ஆளுக்காள் கதையில்லை. உங்களுக்கு இதை எங்க இருந்து சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல.”

பதினொரு வருடம் அவள் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. இது முழுதாக விளங்கியது. தன் கையால் கட்டாத பார்சலுக்குள் என்ன இருக்கிறதென்று அவள் எப்படிச் சொல்வாள். ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறதோ என்று கேட்டேன். வலு ஒழுங்கு, பெயரெல்லாம் நல்ல பெயர், இடமெல்லாம் அளந்துவிட்ட மாதிரி, ஆனால் ஏன் இப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஏலாது என்றாள்.

அப்படியென்றால் வாசி என்றேன். வாசித்தாள். ஒரு வரி வாசித்து, தமிழில் என்ன சொல்வதென்று தேடி, அடுத்ததுக்குப் போனாள். முன்பு மாதிரி கை மேசையில் கோடு கீறவில்லை. பள்ளிக்கூடத்துப் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி இருந்தது. இடையில் ஒரு பெயரில் தட்டுப்பட்டு நின்றாள். இது இங்கே என்னத்துக்கு என்று தனக்குள்ளே சொன்னாள். பிறகு அந்த இடத்தில் இருந்ததை அழித்துவிட்டு, யோசித்து யோசித்து, தன் விரலால் எழுதினாள். கால் மணித்தியாலம் இருக்கும். நாலு மணிப் படகு போய்விட்டது.

“இந்த ரெண்டு வரியும் என்ர,” என்றாள். “இதைச் சொல்லட்டே?”

சொல்லு என்றேன். கணினியைத் தள்ளிவைத்துவிட்டு, விரலால் மேசையில் கோடு கீறி, ஒரு ஆள் ரிக்கற் எடுத்தபிறகு படகு நின்றுவிட்டால் அவருக்கு எப்படிச் செய்தி போகும் என்று சொன்னாள். இரண்டு வரிதானே, கெதியாய் முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் அவள் கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. நானும் எழும்பவில்லை.